மீன் குளத்துக்குப் புண்ணாக்கு வாங்கப் போகிறீர்களா? மூட்டை விலையோடு கணக்கை முடித்துவிடாதீர்கள்



கெண்டைக் குளம் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் ஒரே குறைதான். குஞ்சு விலை கட்டுப்படியாகிறது, தண்ணீரும் இருக்கிறது, ஆனால் தீவனச் செலவு கையைக் கடிக்கிறது. மீன் வளர்ப்பில் ஆகும் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. கடைக்காரர் போன மாதம் சொன்ன புண்ணாக்கு விலை இந்த மாதம் இருப்பதில்லை. சந்தையில் மீன் விலையோ அதே வேகத்தில் ஏறுவதில்லை.

இந்த விலை ஏன் இப்படி ஆடுகிறது, எந்தப் புண்ணாக்கை எவ்வளவு போடலாம், எதைத் தொடவே கூடாது, புதிதாக வந்திருக்கும் எத்தனால் ஆலைக் கழிவை நம்பலாமா என்பதை வரிசையாகப் பார்ப்போம். கையில் ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் நல்லது. கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

விலை எங்கிருந்து ஏறுகிறது?

உங்கள் ஊர்க் கடையில் புண்ணாக்கு விலை ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நான்கு காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம் கடல். உலகில் மீன்தூள் அதிகம் தயாரிக்கும் நாடு பெரு. அங்கே பிடிபடும் நெத்திலி வகை மீனைத்தான் அரைத்துத் தூளாக்குகிறார்கள். 2023-ல் எல் நினோவால் கடல் சூடாகி, குஞ்சு மீன்களே அதிகம் தென்பட்டதால், அந்த ஆண்டின் முதல் மீன்பிடிப் பருவத்தையே பெரு அரசு ரத்து செய்தது. உலகம் முழுவதும் மீன்தூள் விலை எகிறியது. மீன்தூள் கிடைக்காதபோது தீவன ஆலைகள் சோயாவுக்குத் தாவும். அப்போது சோயாவுக்குக் கிராக்கி கூடும்.

இரண்டாவது காரணம் எண்ணெய். புண்ணாக்குக்காக யாரும் கடலையோ சோயாவோ ஆட்டுவதில்லை. எண்ணெய்க்காக ஆட்டும்போது புண்ணாக்கும் கூடவே வருகிறது. அதனால் எண்ணெய்ச் சந்தை அசைந்தால் புண்ணாக்கு விலையும் அசையும். 2021 நினைவிருக்கிறதா? அந்த ஆண்டு சோயா புண்ணாக்கு விலை சில மாதங்களில் இரண்டு மடங்குக்கு மேல் போனது. கோழிப் பண்ணையாளர்களும் மீன், இறால் பண்ணையாளர்களும் முறையிட்ட பிறகு, 12 லட்சம் டன் மரபணு மாற்றப்பட்ட சோயா புண்ணாக்கை இறக்குமதி செய்ய மத்திய அரசு அந்த ஆகஸ்டில் அனுமதி கொடுத்தது.

மூன்றாவது காரணம் எத்தனால். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கை நாடு 2025-ல் எட்டியது. இதற்காக மக்காச்சோளமும் அரிசியும் லட்சக்கணக்கான டன் எத்தனால் ஆலைகளுக்குப் போகின்றன. மாவுச்சத்தை எடுத்த பிறகு மிஞ்சுகிற காய்ந்த சக்கையைத்தான் டிடிஜிஎஸ் என்கிறார்கள். அதில் புரதம் நிறைய இருக்கிறது. மலிவாகவும் கிடைக்கிறது. தீவன ஆலைகள் சோயாவைக் குறைத்து இதைச் சேர்க்கத் தொடங்கின. 2024-ல் மத்தியப் பிரதேசச் சந்தைகளில் சோயா விதை ஆதரவு விலைக்குக் கீழே விற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவது காரணம் அரசாணை. எண்ணெய் நீக்கிய தவிட்டை ஏற்றுமதி செய்ய 2023 ஜூலையில் மத்திய அரசு தடை போட்டது. கால்நடைத் தீவன விலையைக் கட்டுப்படுத்துவதுதான் நோக்கம். பல முறை நீட்டிக்கப்பட்ட அந்தத் தடை 2025 அக்டோபரில் விலக்கப்பட்டது. கெண்டைக் குளத்துக்கு முக்கியத் தீவனமே தவிடுதான் என்பதால் இந்த ஆணை நேராக நம் குளத்தைத் தொடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சோயா மலிவாகக் கிடைத்தபோது மீன் விவசாயிக்கு லாபம், சோயா விவசாயிக்கு நட்டம். நட்டப்பட்டவர் அடுத்த பருவத்தில் சும்மா இருப்பாரா? 2025 கரீப் பருவத்தில் பலர் சோயாவை விட்டு மக்காச்சோளத்துக்கு மாறினார்கள். பரப்பு குறைந்தால் விலை திரும்ப ஏறும். ஆகவே இன்று மலிவாக இருக்கும் ஒரே பொருளை நம்பி வருடம் முழுக்கத் திட்டம் போடாதீர்கள். இரண்டு மூன்று புரதப் பொருள்களை மாற்றி மாற்றிப் போடத் தெரிந்தவர்தான் விலை ஏற்றத்தில் தப்பிப்பார்.

கெண்டைக்கு மீன்தூள் தேவையா?

வளர்ப்புக் குளத்தில் உள்ள கட்லா, ரோகு, மிர்காலுக்கு மீன்தூள் கட்டாயம் இல்லை. இந்த மீன்களின் குடல் நீளமானது. தாவரப் பொருளைச் செரிக்கும் சக்தி உண்டு. புல்கெண்டை பச்சைப் புல்லையே தின்று வளரும். திலேப்பியாவும் பாசாவும் தாவரப் புரதத்தை நன்றாக ஏற்கும்.

விரால் அப்படியில்லை. அது இரையைப் பிடித்துத் தின்னும் மீன். புரதம் 40 சதவீதத்துக்கு மேல் வேண்டும், அதில் பெரும் பங்கு மீன்தூள் போன்ற விலங்குப் புரதமாக இருக்க வேண்டும். கெண்டைக்குச் சொன்ன கலவையை விராலுக்குப் போட்டுவிட்டு வளரவில்லையே என்று வருந்த வேண்டாம்.

இன்னொரு சேதி. நார்வே நாட்டு சால்மன் பண்ணைகளில் 1990-ல் தீவனத்தின் 100 பங்கில் சுமார் 90 பங்கு மீன்தூளும் மீன் எண்ணெயுமாக இருந்தது. 2020-ல் அது கால் பங்குக்கும் கீழே வந்துவிட்டது. மீனைத் தின்னும் மீனையே சோயாவுக்குப் பழக்கிவிட்டார்கள். நம்மூர்க் கெண்டை விவசாயியோ பல தலைமுறையாகத் தவிடும் புண்ணாக்கும் போட்டுத்தான் மீன் வளர்க்கிறார். உலகம் இப்போது வந்து சேரும் இடத்தில் நாம் ஏற்கெனவே இருக்கிறோம். ஆனால் கைக்கு வந்த அளவில் போடுவதை விட்டு, கணக்குப் பார்த்துப் போட வேண்டும்.

வயதுக்கு ஏற்ப தேவை மாறும் என்பதையும் மறக்காதீர்கள். சிறு குஞ்சுக்குப் புரதம் 35 முதல் 40 சதவீதம் வேண்டும். அந்தப் பருவத்தில் கொஞ்சம் மீன்தூள் சேர்ப்பது நல்லது. குளத்தில் விட்டு வளர்க்கும் மீனுக்கு 25 முதல் 30 சதவீதம் போதும். குளத்துத் தண்ணீரில் உள்ள நுண்ணுயிர் மிதவைகளும் புழுபூச்சிகளும் கூடுதல் புரதம் தருகின்றன. நாம் போடும் தீவனத்தில் உள்ள குறையை ஓரளவு அதுவே சரிக்கட்டும்.

எந்தப் புண்ணாக்கில் எவ்வளவு புரதம்?

100 கிலோவில் தோராயமாக இவ்வளவு புரதம் இருக்கும்:

- சோயா புண்ணாக்கு: 44 முதல் 48 கிலோ
- கடலைப் புண்ணாக்கு: 40 முதல் 45 கிலோ
- எள்ளுப் புண்ணாக்கு: 35 முதல் 40 கிலோ
- கடுகுப் புண்ணாக்கு: 34 முதல் 38 கிலோ
- மக்காச்சோள டிடிஜிஎஸ்: 26 முதல் 30 கிலோ
- தேங்காய்ப் புண்ணாக்கு: 20 முதல் 22 கிலோ
- அரிசித் தவிடு: 10 முதல் 14 கிலோ

பருத்திக்கொட்டைப் புண்ணாக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். தோலோடு ஆட்டியதில் 22 அளவுதான் இருக்கும். தோல் நீக்கி ஆட்டியதில் 40 வரை இருக்கும். எதை வாங்குகிறீர்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

ஆனால் புரத அளவு மட்டும் போதாது. புரதம் பல வகை அமினோ அமிலங்களால் ஆனது. அதில் ஒன்று குறைந்தாலும் மீதியை மீன் முழுதாகப் பயன்படுத்த முடியாது. சோயாவில் லைசின் நிறைய, மெத்தியோனின் குறைவு. எள்ளில் மெத்தியோனின் நிறைய, லைசின் குறைவு. கடலையில் இரண்டுமே குறைவுதான். நாம் இட்லிக்கு அரிசியையும் உளுந்தையும் சேர்ப்பது போல, சோயாவோடு கொஞ்சம் எள்ளு சேர்த்தால் ஒன்றின் குறையை இன்னொன்று தீர்க்கும். கடலைப் புண்ணாக்கை மட்டுமே போடுகிறவர்கள் அதில் பாதியைச் சோயாவுக்கு மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

மூட்டை விலையைப் புரத விலையாக மாற்றுங்கள்

கடையில் நின்று போட வேண்டிய முதல் கணக்கு இது. ஒரு கிலோ விலையை அதில் உள்ள புரத அளவால் வகுங்கள். ஒரு கிலோ புரதம் என்ன விலைக்கு வருகிறது என்று தெரியும்.

கீழே உள்ள விலைகள் கணக்குக் காட்டுவதற்காக மட்டும். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

- சோயா கிலோ 45 ரூபாய், புரதம் 45 சதவீதம் என்றால் ஒரு கிலோ புரதம் 100 ரூபாய்.
- கடலைப் புண்ணாக்கு கிலோ 50 ரூபாய், புரதம் 42 சதவீதம் என்றால் 119 ரூபாய்.
- தேங்காய்ப் புண்ணாக்கு கிலோ 34 ரூபாய், புரதம் 20 சதவீதம் என்றால் 170 ரூபாய்.
- டிடிஜிஎஸ் கிலோ 22 ரூபாய், புரதம் 28 சதவீதம் என்றால் சுமார் 79 ரூபாய்.

பார்த்தீர்களா? மூட்டை விலையில் தேங்காய்ப் புண்ணாக்கு மலிவு. புரத விலையில் அதுதான் அதிகம். பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருந்து சொந்தமாக ஆட்டுகிறவர்களுக்கு அது லாபமாக இருக்கலாம். விலை கொடுத்து வாங்குகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

டிடிஜிஎஸ்: மலிவு உண்மை, ஆபத்தும் உண்மை

கணக்கில் டிடிஜிஎஸ் முதலிடத்தில் வருகிறது. அமெரிக்காவும் தன் நாட்டு டிடிஜிஎஸ்ஸை இங்கே விற்க விரும்புவதால் வர்த்தகப் பேச்சுகளிலும் இதன் பெயர் அடிபடுகிறது. வரத்து கூடினால் விலை இன்னும் இறங்கக்கூடும். அதற்காக மூட்டை மூட்டையாக வாங்கிக் கொட்டிவிடாதீர்கள்.

முதல் காரணம் பூஞ்சண நஞ்சு. மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின் இருந்தால், மாவுச்சத்தை எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையில் அது ஏறக்குறைய மூன்று மடங்காகச் சேர்ந்து நிற்கும். நஞ்சு மாவோடு போவதில்லை, சக்கையில் தங்கிவிடுகிறது. ஈரமாக இருந்த சோளத்தை ஆலை வாங்கியிருந்தால் பாதிப்பு உங்கள் குளத்துக்கு வரும்.

இரண்டாவது, தரம் மூட்டைக்கு மூட்டை மாறும். காய வைக்கும்போது சூடு அதிகமானால் நிறம் கறுத்து, தீய்ந்த வாடை வரும். அப்படிக் கருகியதில் லைசின் கெட்டிருக்கும். பொன்னிறமாக, புளித்த மாவு வாடையோடு இருப்பதுதான் நல்லது.

மூன்றாவது, நார் அதிகம், லைசின் குறைவு.

ஆகவே கெண்டைக்கு 100 கிலோ கலவையில் 10 கிலோவோடு தொடங்குங்கள். சோயாவை முழுதாக எடுத்துவிட்டு இதைப் போடாதீர்கள். குஞ்சுத் தீவனத்தில் சேர்க்கவே வேண்டாம்.

புண்ணாக்கில் ஒளிந்திருக்கும் கெடுதல்கள்

செடி தன் விதையைக் காப்பாற்றிக்கொள்ளச் சில நஞ்சுகளை வைத்திருக்கும். எதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை.

சோயா: பச்சைச் சோயாவில் புரதம் செரிக்காமல் தடுக்கும் பொருள் இருக்கிறது. சூடுபடுத்தினால் போய்விடும். ஆலையில் வறுத்து வரும் புண்ணாக்கைப் போடலாம். சோயா விதையை அப்படியே அரைத்துப் போடக் கூடாது.

கடலைப் புண்ணாக்கு: இதன் எதிரி அஃப்ளாடாக்சின். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு மீனின் ஈரலைக் கெடுக்கும். மீன் உடனே சாகாது. தீனி எடுக்கும், ஆனால் வளராது, நோய் தாங்காது. பச்சை, கறுப்புப் புள்ளி தெரிந்தாலும், பூஞ்சை வாடை அடித்தாலும் மாட்டுக்கும் போடாதீர்கள், மீனுக்கும் போடாதீர்கள். வெயிலில் காய வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது.

பருத்திக்கொட்டை: இதில் காசிபால் என்ற நஞ்சு உண்டு. கலவையில் 10 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கடுகு: காரமான பொருள் உண்டு. அதிகமானால் மீன் தீனியைக் குறைத்துவிடும். இதையும் 10 சதவீதத்துக்குள் வையுங்கள்.

பைட்டேட்: இது எல்லா விதைகளிலும் தவிட்டிலும் இருக்கிறது. பாஸ்பரஸ் சத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளும். மீனுக்குக் கிடைக்காத அந்தப் பாஸ்பரஸ் கழிவோடு குளத்தில் சேர்கிறது. குளம் அடர்பச்சையாகி, விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே தாது உப்புக் கலவை சேர்ப்பது அவசியம். பைட்டேஸ் என்ற நொதி கிடைத்தால் பாக்கெட்டில் சொன்ன அளவில் சேர்க்கலாம்.

இனி தொடவே கூடாதவை. ஆமணக்குப் புண்ணாக்கு கொடிய நஞ்சு. காட்டாமணக்கும் அப்படியே. வேப்பம் புண்ணாக்கும் புங்கம் புண்ணாக்கும் வயலுக்கு உரம், மீனுக்குத் தீவனம் அல்ல. இலுப்பைப் புண்ணாக்கை நினைவில் வையுங்கள். குளத்தைத் தயார் செய்யும்போது வேண்டாத மீன்களைக் கொல்லத்தான் ஏக்கருக்கு 1,000 கிலோ அளவில் அதைப் போடுகிறோம். மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைத் தீவனத்தில் கலந்தால் குளமே மிதக்கும். ஒரே கொட்டகையில் தீவனத்தையும் இலுப்பை மூட்டையையும் வைக்காதீர்கள்.

ஒரு மாதிரிக் கலவை

பழைய முறையில் தவிடு பாதி, கடலைப் புண்ணாக்கு பாதி. தவிட்டில் 12, கடலையில் 42 என்றால் கலவையில் 27 சதவீதம் புரதம் வரும். நம் பெரியவர்கள் கணக்குப் போடாமலே சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். அதை இன்னும் சீராக்க, 100 கிலோவுக்கு இப்படிச் செய்யலாம்:

- சோயா புண்ணாக்கு 25 கிலோ
- கடலைப் புண்ணாக்கு 20 கிலோ
- எள்ளுப் புண்ணாக்கு 5 கிலோ
- அரிசித் தவிடு 38 கிலோ
- மரவள்ளி மாவு 10 கிலோ
- தாது உப்புக் கலவை 2 கிலோ

இதில் ஏறக்குறைய 26 சதவீதம் புரதம் இருக்கும். மரவள்ளி மாவைக் கூழாகக் காய்ச்சி, அரைத்த பொருள்களோடு பிசைந்தால் பிடிமானம் வரும். சிறு குச்சித் தீவன இயந்திரம் இருந்தால் பிழிந்து நிழலில் காய வையுங்கள். இயந்திரம் இல்லாதவர்கள் உருண்டை பிடித்துப் போடலாம். தாது உப்பைக் கூழ் ஆறிய பிறகே சேர்க்க வேண்டும்.

அசோலாவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பச்சை அசோலாவில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். 10 கிலோ பச்சை அசோலா போட்டால் உண்மையில் கிடைக்கும் புரதம் 100 முதல் 150 கிராம்தான். புல்கெண்டைக்கு அசோலா, பாசித்தழை, தீவனப்புல் போடுங்கள், செலவு குறையும். கட்லா, ரோகுவுக்குப் புண்ணாக்கை நிறுத்திவிட்டு அசோலாவை மட்டும் நம்ப வேண்டாம்.

தீவன விலையை விட மீனின் அடக்க விலை முக்கியம்

இதுதான் இரண்டாவது கணக்கு. பலர் தவறவிடுவதும் இதைத்தான்.

மேலே சொன்ன கலவை அரைவைக் கூலியோடு கிலோ 40 ரூபாய்க்கு வருகிறது என்று வையுங்கள். கம்பெனி மிதவைத் தீவனம் கிலோ 50 ரூபாய். சொந்தக் கலவை 10 ரூபாய் மலிவு என்று சந்தோஷப்படுவதற்கு முன், ஒரு கிலோ மீன் வளர எத்தனை கிலோ தீவனம் ஆனது என்று பாருங்கள்.

- மிதவைத் தீவனம் ஒன்றரைக் கிலோ ஆனால் மீன் கிலோவுக்கு 75 ரூபாய்.
- சொந்தக் கலவையைத் தூளாக வீசி 3 கிலோ ஆனால் 120 ரூபாய்.
- அதையே பையில் கட்டி வைத்து இரண்டரைக் கிலோ ஆனால் 100 ரூபாய்.
- குச்சியாகப் பிழிந்து, குளத்தில் இயற்கை இரையும் நன்றாக இருந்து, ஒன்றேமுக்கால் கிலோவில் முடிந்தால் 70 ரூபாய்.

ஒரு ஏக்கர் குளத்தில் 1,500 கிலோ மீன் எடுக்கிறீர்கள் என்றால், தூளாக வீசுகிறவருக்கும் குச்சியாகப் போடுகிறவருக்கும் உள்ள வித்தியாசம் 75,000 ரூபாய். கலவை ஒன்றுதான், பொருளும் ஒன்றுதான். போடும் முறையில்தான் இவ்வளவு பணம் தண்ணீரோடு கரைகிறது. தூளாகத்தான் போட முடியும் என்கிற நிலையில் இருப்பவர்களுக்கு, இந்தக் கணக்கில் கம்பெனித் தீவனமே மேல். இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

வீணாக்காமல் போடுவது எப்படி?

ஆந்திராவில் கொல்லேறு ஏரிப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் கெண்டை வளர்க்கிறவர்கள் தவிட்டையும் புண்ணாக்கையும் வீசுவதில்லை. பிளாஸ்டிக் சாக்கின் அடிப்பக்கம் இரண்டு வரிசையாகத் துளையிட்டு, கலவையை நிரப்பி, மூங்கில் கம்பில் கட்டித் தண்ணீரில் தொங்க விடுகிறார்கள். மீன் துளையில் வாய் வைத்து உறிஞ்சித் தின்னும். சில மணி நேரத்தில் சாக்கு காலியாகிவிடும். மிச்சம் இருந்தால் அடுத்த நாள் அளவைக் குறைக்கிறார்கள். நமக்கும் ஏற்ற முறை இது.

அளவைப் பொறுத்தவரை, விரல் அளவுக் குஞ்சுக்கு உடல் எடையில் 5 சதவீதம், பிறகு 3 சதவீதம், அரைக் கிலோ தாண்டியதும் 2 சதவீதத்துக்குள் போதும். குளத்தில் 1,000 மீன், ஒவ்வொன்றும் 200 கிராம் என்றால் மொத்தம் 200 கிலோ. அதில் 3 சதவீதம் 6 கிலோ. அதை ஒரு நாளைக்கு இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். 15 நாளுக்கு ஒருமுறை வீசுவலை போட்டு 20, 30 மீனை எடை பார்த்து அளவை மாற்றுங்கள்.

வெயில் ஏறிய பிறகே முதல் வேளை. மேகமூட்டமான நாளில் குறையுங்கள். மீன் மேலே வந்து மூச்சு வாங்கினால் அன்று தீவனமே வேண்டாம்.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

ஒரு பிடி புண்ணாக்கைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். மணல் அடியில் தங்கும், உமி மேலே மிதக்கும். புரத அளவைக் கூட்டிக் காட்ட யூரியா கலக்கும் மோசடியும் நடக்கிறது. சந்தேகம் இருந்தால், பெரிய அளவில் வாங்குவதற்கு முன் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிப் புரதம், பூஞ்சண நஞ்சு இரண்டையும் பாருங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கினால் பரிசோதனைக் கட்டணம் பெரிதாகத் தெரியாது.

செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் மிச்சம் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். மழைக்காலத்தில் ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். விலை ஏறுமென்று பயந்து மூன்று மாதத்துக்கு வாங்கி, பூஞ்சணம் பிடிக்க விட்டால் மிச்சப்படுத்தியதை விட இழப்பே அதிகம்.

தனியாளாகச் சமாளிக்க முடியுமா?

இரண்டு ஏக்கர் குளக்காரர் தனியாகப் போய் ஆலையில் பேரம் பேச முடியாது. குச்சித் தீவன இயந்திரத்தையும் தனியாக வாங்க முடியாது. பத்துப் பேர் சேர்ந்தால் முடியும். பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் நாளொன்றுக்கு 2 டன் தயாரிக்கும் சிறு தீவன ஆலைக்கு 30 லட்சம் ரூபாய் திட்டச் செலவு கணக்கிட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் வைத்தார்கள். இந்த ஆண்டு உங்கள் மாவட்டத்துக்கு நிதி ஒதுக்கீடு இருக்கிறதா என்று மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். மீன் வளர்ப்போருக்கும் கிசான் கிரெடிட் கார்டு உண்டு. தீவனம் வாங்க வட்டிக்கடைக்குப் போவதற்கு முன் வங்கியில் கேட்டுப் பாருங்கள்.

அரசும் ஒன்றை யோசிக்க வேண்டும். தவிடு ஏற்றுமதிக்குத் தடை, சோயா இறக்குமதிக்கு அனுமதி என்று ஒவ்வொரு முறையும் விலை எகிறிய பிறகு ஆணை போடுவதால், ஒரு பக்க விவசாயிக்கு நன்மையும் மறுபக்க விவசாயிக்குத் தீமையும் மாறி மாறி நடக்கிறது. எத்தனால் ஆலைகளிலிருந்து வரும் டிடிஜிஎஸ் மூட்டையில் புரத அளவும் பூஞ்சண நஞ்சு அளவும் தெளிவாக அச்சிட்டு வந்தால், சிறு விவசாயியும் அதை நம்பி வாங்கலாம். கிராமசபையிலும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் இதை மனுவாகக் கொடுங்கள்.

இந்தப் பருவத்திலேயே செய்து பாருங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். இரண்டு குளம் இருந்தால் ஒன்றில் பழைய முறை, மற்றதில் புதிய கலவை. ஒரே குளம்தான் என்றால் பழைய தீவனத்தில் கால் பங்கை மட்டும் மாற்றி, பத்து நாள் பழக்கி, பிறகு கூட்டுங்கள். திடீரென மாற்றினால் மீன் தீனி எடுக்காது.

நோட்டில் மூன்றே மூன்று விஷயம் எழுதுங்கள்: போட்ட தீவனம் எத்தனை கிலோ, அதற்கு ஆன பணம் எவ்வளவு, 15 நாளில் மீன் எத்தனை கிராம் கூடியது. நான்கு மாதம் எழுதினால் போதும். அடுத்த முறை புண்ணாக்குக் கடையில் எதை வாங்குவது, எதை விடுவது என்று உங்கள் நோட்டே சொல்லிவிடும். புண்ணாக்கு விலை நம் கையில் இல்லை. ஒரு கிலோ மீனுக்கு எத்தனை கிலோ தீவனம் போகிறது என்பது நம் கையில்தான் இருக்கிறது.